யார் இந்த சிங்காரவேலர்? உடல்நலம் இழந்த தொழிலாளியின் உரிமைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

துறைமுகத்தை ஒட்டி ஓடும் ராஜாஜி சாலையில் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. முதியோர் பென்ஷன், மாற்றுத்திறனாளி உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ் என்று ராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர் மக்கள் மனு எடுத்துக்கொண்டு போகும் இடம். ஊர் வழக்கில் அது கலெக்டர் ஆபீஸ். ஆனால் கட்டடத்தின் பெயர் 'சிங்காரவேலர் மாளிகை'.

அந்தப் பெயருக்கு உரியவர் ம. சிங்காரவேலர். மே தினம் என்றால் அவர் பெயர் வரும், பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு 'தென்னிந்தியாவின் முதல் கம்யூனிஸ்ட்' என்ற ஒரு வரி தெரிந்திருக்கும். அதற்கு மேல் பலருக்கும் தெரியாது. வேலை செய்ய முடியாமல் போன ஒருவருக்கு அரசும் முதலாளியும் என்ன தரவேண்டும் என்ற கேள்வி சட்டமாக மாறத் தொடங்கிய காலத்தில் வாழ்ந்தவர் அவர். அவர் வாழ்க்கையைப் படித்தால், இன்றைய விதிகளில் பாதி எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

சுருக்கமாக

- பிறப்பு: 18 பிப்ரவரி 1860, சென்னை அயோத்தியாகுப்பம்
- தொழில்: வழக்கறிஞர், பிறகு முழுநேரத் தொழிலாளர் இயக்கம்
- 1 மே 1923: சென்னையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்கள்
- 1925: கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைவர்
- 1928: தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், சிறை
- மறைவு: 11 பிப்ரவரி 1946

மீனவக் குப்பத்திலிருந்து உயர் நீதிமன்றம் வரை

சிங்காரவேலர் பிறந்தது மெரினாவை ஒட்டிய அயோத்தியாகுப்பத்தில், மீனவச் சமூகத்தில். அந்தக் காலத்தில் அந்தக் குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போவது லேசான காரியம் இல்லை. கிறிஸ்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி என்று படித்து, நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஆனார். தொழில் நன்றாக நடந்தது. கடற்கரைச் சாலையில் வீடு, வீடு நிறையப் புத்தகங்கள்.

பௌத்தத்தில் அவருக்கு ஈடுபாடு அதிகம். அயோத்திதாசப் பண்டிதர், பேராசிரியர் லட்சுமி நரசு போன்றவர்கள் இயங்கிய அதே சென்னை பௌத்த வட்டத்தில் அவரும் இருந்தார். சாதியை எதிர்ப்பது, அறிவியலைப் படிப்பது, எதையும் கேள்வி கேட்பது எல்லாம் அவருக்கு மார்க்ஸைப் படிப்பதற்கு முன்பே வந்த பழக்கங்கள்.

அன்றைய வடசென்னையில் கை போனால் என்ன கிடைக்கும்?

1856-ல் ராயபுரத்திலிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அடுத்து துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பட்டறை, பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள். மூட்டை தூக்குவதிலிருந்து தறி, பாய்லர், என்ஜின் வரை உடம்பை நம்பி ஓடும் வேலைகள்தான் எல்லாம்.

தறியில் விரல் மாட்டினால், மூட்டை சரிந்து முதுகெலும்பு போனால் என்ன நடக்கும்? வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அவர் இடத்துக்கு வாசலில் இன்னொரு ஆள் தயாராக நிற்பார். முதலாளி மனசு வைத்தால் கொஞ்சம் காசு, இல்லையென்றால் அதுவும் இல்லை. வழக்குப் போடுவதாக இருந்தால் முதலாளியின் தவறால்தான் விபத்து நடந்தது என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத, கையும் இல்லாத ஒருவர் அதை எப்படிச் செய்வார்?

மிச்சம் இருந்தது தர்மம். ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் வடசென்னைப் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அது. நல்ல காரியம்தான். ஆனால் கஞ்சித்தொட்டி முன்னால் வரிசையில் நிற்பவருக்கு உரிமை என்று எதுவும் இல்லை. ஊற்றினால் உண்டு.

60-க்குப் பிறகு தொடங்கிய அரசியல்

27 ஏப்ரல் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னணியில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இடம்பெற்ற சங்கம் இது. 1921-ல் மில் கதவடைப்பு, வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம், துப்பாக்கிச் சூடு என்று வடசென்னை கொந்தளித்தது. சிங்காரவேலர் தொழிலாளர் பக்கம் நின்றார்.

அதே ஆண்டு காந்தியின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று வக்கீல் தொழிலை விட்டார். கருப்பு அங்கியைத் தீயில் போட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 61.

60 என்பது இன்று முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் வயது. அவருடைய அரசியல் அந்த வயதில்தான் சூடு பிடித்தது. 1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் மாநாட்டில் தன்னைக் கம்யூனிஸ்ட் என்று மேடையிலேயே அறிவித்துக்கொண்டு, தொழிலாளரை ஒதுக்கிவிட்டு சுயராஜ்யம் வராது என்று வாதிட்டார். தொழிலாளரை அமைப்பாக்க அங்கே காங்கிரஸ் அமைத்த குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

1923: மார்ச்சில் ஒரு சட்டம், மே மாதம் ஒரு கொடி

1923-ல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது டெல்லியில். மார்ச் 5-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. இரண்டாவது சென்னையில். மே 1 அன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் சிங்காரவேலர் மே தினக் கூட்டங்கள் நடத்தினார். செங்கொடி ஏறியது. 'இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி' அன்றுதான் அறிவிக்கப்பட்டது. கூலி, வேலை நேரம், வீடு, காப்பீடு என்று அதன் கோரிக்கைகள் போயின. 'தொழிலாளன்' என்ற தமிழ் இதழும், ஆங்கிலத்தில் 'லேபர் கிசான் கெஜட்'டும் நடத்தினார்.

ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். அந்த இழப்பீட்டுச் சட்டத்தை எழுதியவர் சிங்காரவேலர் இல்லை. அது பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்தது. ஆனால் 1918-க்குப் பிறகு சென்னை, பம்பாய், கல்கத்தா என்று எல்லா இடத்திலும் வேலைநிறுத்தம் வெடித்த பிறகுதான் அப்படி ஒரு சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் உடம்பை எப்படி அளந்தது?

பெரிய மாற்றம் ஒன்று: முதலாளியின் தவறை இனி நிரூபிக்க வேண்டாம். வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்தது என்றால் போதும். தர்மம் முதல்முறையாக உரிமையாக மாறியது இங்கேதான்.

ஆனால் பல ஓட்டைகள் இருந்தன. உடல் பாகத்துக்கு ஒரு சதவீதப் பட்டியல் போட்டார்கள். வலது கை முழங்கைக்கு மேல் போனால் 70%, அதுவே இடது கை என்றால் 60%. நிரந்தரமாக எந்த வேலையும் செய்ய முடியாமல் போனவருக்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், எது குறைவோ அது. முதல் 10 நாள் முடக்கத்துக்கு எதுவும் கிடையாது. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று காட்டினால் முதலாளி தப்பிக்க வழி இருந்தது.

முக்கியமான ஓட்டை வேறு. சட்டம் 'முதலாளி' என்று ஒருவர் இருப்பதாக எடுத்துக்கொண்டது. கட்டுமரத்தில் தானே கடலுக்குப் போகும் மீனவருக்கு முதலாளி யார்? சிங்காரவேலர் பிறந்த குப்பத்துக்கே அந்தச் சட்டம் போய்ச் சேரவில்லை. காயத்துக்குக் காசு உண்டு, சாதாரண நோய்க்குக் கிடையாது. காசநோய் வந்து படுத்த மில் தொழிலாளி பழைய நிலையிலேயே இருந்தார்.

வழக்கு, மாநகராட்சி, மறுபடியும் போராட்டம்

1924-ல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் டாங்கே, முசாஃபர் அகமது ஆகியோருடன் சிங்காரவேலர் பெயரும் சேர்க்கப்பட்டது. கைதான அவர் உடல்நிலை சரியில்லாததால் ஜாமீனில் விடப்பட்டார். கான்பூருக்குக் கொண்டுபோக முடியாத நிலை. பிறகு அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கான்பூருக்கு, முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போனார். வயது 65.

இடையில் சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் ஆனார். வேட்டியோடு அவைக்கு வந்தவர், தமிழில் பேசியவர் என்று இன்றும் நினைவுகூரப்படுகிறார். நகரசபையில் அவர் எழுப்பியவை பெரும்பாலும் உடம்பு சம்பந்தப்பட்டவை: ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு, குடிசைப் பகுதிகளின் சுகாதாரம். நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பது ஒரு பக்கம், நோய் வராத அளவுக்குச் சாப்பாடும் தண்ணீரும் வீடும் தருவது இன்னொரு பக்கம். இரண்டும் அரசின் வேலை என்பதே அவர் நிலைப்பாடு.

1928-ல் தென்னிந்திய ரயில்வே ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கத் திட்டமிட்டது. நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறைகளை மூடி பொன்மலையில் ஒன்றாக்குவது, தொழிலாளருக்குத் திறன் தேர்வு வைத்து ஆளைக் குறைப்பது என்பது கணக்கு. பல வருடம் உழைத்து கண் மங்கி, கை தளர்ந்த ஒருவரைத் தேர்வு வைத்து வெளியே அனுப்பினால், அந்தத் தளர்ச்சிக்கு யார் பொறுப்பு? ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் மற்ற தலைவர்களும் கைதானார்கள். அவருக்கு 10 ஆண்டு கடுங்காவல். மேல்முறையீட்டில் 18 மாதமாகக் குறைந்தது. 1930-ல் வெளியே வந்தபோது வயது 70.

கடைசி வருடங்கள்

சிறையிலிருந்து வந்தவரின் உடம்பு முன்போல் இல்லை. தெருவில் இறங்கிப் போராடுவது குறைந்தது, எழுத்து கூடியது. பெரியாரின் 'குடி அரசு' இதழில் அறிவியல், பொருளாதாரம், மூடநம்பிக்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். 1932 டிசம்பரில் ஈரோட்டில் சுயமரியாதை இயக்கத்துக்கான சமதர்மத் திட்டம் உருவானபோது அதில் அவருக்குப் பெரிய பங்கு இருந்தது. பிறகு 'புது உலகம்' என்ற இதழை நடத்தினார். 1945 ஜூனில், 85 வயதில், அச்சுத் தொழிலாளர் கூட்டத்தில் பேசினார். அடுத்த பிப்ரவரியில் காலமானார். 86-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

அவருக்குச் சொத்தும் படிப்பும் இருந்தன. அதனால்தான் தளர்ந்த உடம்போடும் எழுத முடிந்தது. அதே வயதில், அதே தளர்ச்சியோடு இருந்த ஒரு துறைமுகக் கூலிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அவருக்குப் பிறகு: இ.எஸ்.ஐ. எப்படி வந்தது?

நோய்க்கும் காப்பீடு வேண்டும் என்பதை விட்லி ஆணையம் 1931-லேயே எடுத்துச் சொன்னது. 1944-ல் பேராசிரியர் பி.பி. அடார்க்கர் தொழிலாளர் சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தை வரைந்து கொடுத்தார். சிங்காரவேலர் மறைந்த இரண்டாவது ஆண்டு, 1948-ல், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம், நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. அவரை 1924-ல் சதி வழக்கில் சேர்த்த அதே கான்பூர்.

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று வடசென்னை தொழிற்பட்டையாக வளர்ந்தது இதே காலத்தில்தான். இ.எஸ்.ஐ. கார்டு அந்தக் குடும்பங்களில் ரேஷன் கார்டுக்கு அடுத்த முக்கியமான அட்டை ஆனது.

இன்று எந்த விதி யாருக்கு?

*இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை, மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 25,000 வரை)*

- உடம்பு முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70%. அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.
- காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை 80%.
- வேலையில் விபத்து நடந்து தற்காலிகமாக முடங்கினால், குணமாகும் வரை 90%. இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு.
- நிரந்தர ஊனம் என்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவக் குழு சதவீதமாகச் சொல்லும். அதன்படி மாதாமாதம் தொகை வரும்.

*இ.எஸ்.ஐ. இல்லாதவர்*

1923 சட்டம்தான் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமாக மாறி நீடித்தது. உதாரணத்துக்கு, 30 வயது ஊழியருக்குக் கட்டைவிரல் போகிறது. பட்டியலில் கட்டைவிரலுக்கு 30%. கணக்கில் எடுக்கும் உச்ச மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அதில் 60% என்றால் 9,000. 30 வயதுக்கான காரணி 207.98. இரண்டையும் பெருக்கினால் 18,71,820. அதில் 30%, அதாவது 5,61,546 ரூபாய். வாங்கிய சம்பளம் 25,000 என்றாலும் கணக்கு 15,000-க்குத்தான். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும் என்பதும் முக்கியம். சில நுரையீரல் நோய்கள் போன்ற தொழில்சார் நோய்களும் இதில் அடங்கும்.

2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன.

*மாற்றுத்திறனாளி உதவித்தொகை*

இது வேறு வாசல். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை அங்கீகரிக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40% ஊனம் என்று அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்துக்கு 80% ஊனமும், குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பதும் நிபந்தனை. மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய்தான். மாநில அரசு மேலே போட்டு, 2023 ஜனவரி முதல் வருவாய்த் துறை வழியாக 1,500 ரூபாய் தருகிறது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இழப்பீட்டில் வரும் சதவீதம் வேறு, ஊனச் சான்றிதழில் வரும் சதவீதம் வேறு. முன்னது சம்பாதிக்கும் திறனை அளக்கிறது, பின்னது உடல் செயல்பாட்டை அளக்கிறது. கட்டைவிரல் போனதற்கு இழப்பீடு வாங்கியவர், 40-ஐத் தொடாததால் சலுகைகளுக்கு வெளியே நிற்க நேரலாம். ஒரு அலுவலகம் தந்த காகிதத்தை இன்னொரு அலுவலகத்தில் நீட்டினால் செல்லாது. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னும் வெளியே நிற்பவர்கள்

காசிமேட்டில் விசைப்படகில் போகும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் பட்டால் காசு, படாவிட்டால் இல்லை. அவருக்கு இ.எஸ்.ஐ. பொருந்தாது, இழப்பீட்டுக் கணக்குக்குச் சம்பளச் சீட்டும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மீனவர் நல வாரியமும் (2007-ம் ஆண்டுச் சட்டம்) விபத்துக் காப்பீடும் வந்தன. மத்திய அரசின் மீனவர் விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம். ஆனால் இவை விபத்துக்கு மட்டும். மூச்சுத் திணறல் வந்து கடலுக்குப் போக முடியாதவருக்கு இதில் இடமில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய்க் கசிவும் அமோனியா கசிவும் அடுத்தடுத்து நடந்தபோது இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. ஆற்றில் இறங்கி இறால் பிடிப்பவருக்குத் தோல் எரிந்தால், அது விபத்தா, தொழில்சார் நோயா, இல்லை எதுவுமே இல்லையா?

கான்ட்ராக்ட் தொழிலாளர், டெலிவரி ஓட்டுபவர்கள் நிலையும் கிட்டத்தட்ட இதேதான். முதலாளி யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். புதிய சட்டத் தொகுப்பில் கிக் தொழிலாளர் பெயர் வந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கான திட்டங்கள் தனியாக வகுக்கப்பட வேண்டும்.

மீனவர் வீட்டு வசதித் திட்டத்துக்கும் சிங்காரவேலர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் 1923 சட்டம் குப்பத்துக்கு வெளியிலேயே நின்றபோது எழுந்த கேள்வி இன்னும் தீரவில்லை. முதலாளி என்று ஒருவரைக் காட்ட முடியாத உழைப்பாளியின் உடம்புக்கு யார் பொறுப்பு? அதற்கு விடை வரும் வரை, கையில் இருக்கும் வழிகளையாவது விட்டுவிடக் கூடாது. நல வாரியப் பதிவைப் புதுப்பித்து வையுங்கள். விபத்து நடந்தால் அன்றே எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு கெடுவை மறக்காதீர்கள்.